பக்கத்தில் சுரங்க மெட்ரோ நிலையம் வருகிறதா? பழைய கட்டட உரிமையாளர்களுக்கு

கேள்வி: நகரின் கடைவீதியில் எங்களுக்கு 40 ஆண்டுப் பழமையான இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது. எதிரில் சுரங்க மெட்ரோ நிலையம் அமைக்கத் திட்டமிட்டு, மண் பரிசோதனைக்குத் துளை போடுகிறார்கள். கட்டடத்துக்கு ஆபத்து உண்டா? இப்போதே என்ன செய்ய வேண்டும்?

பதில்: பெரும்பாலானோர் சுரங்கம் குடையும் இயந்திரத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் உங்களுக்கு அதைவிட முக்கியம், அங்கே தோண்டப்போகும் பள்ளமும் அதனால் இறங்கக்கூடிய நிலத்தடி நீரும்தான். ஆறு பெட்டி ரயில் நிற்கும் நடைமேடைக்கே ஏறக்குறைய 140 மீட்டர் நீளம் தேவை. காற்றோட்ட, மின்சாரக் கருவிகளுக்கான அறைகளும் சேரும்போது பள்ளம் இன்னும் நீளும், ஆழமோ ஐந்தாறு மாடி உயரத்துக்குச் சமமாகும்.

மண் சரியாமலிருக்க முதலில் சுற்றிலும் தடுப்புச் சுவர் எழுப்புவார்கள். குறுகிய அகழியைத் தோண்டத் தோண்ட அதில் பெண்டோனைட் களிமண் குழம்பை நிரப்புவார்கள். அகழியின் பக்கங்களைத் தாங்குவது அந்தக் குழம்புதான். பிறகு கம்பிக்கூட்டைக் கிரேனால் இறக்கி, நீண்ட குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றும்போது குழம்பு மேலேறி வெளியேறிவிடும். சுவர் முடிந்ததும் மேற்கூரையை முதலில் அமைத்துவிட்டுக் கீழே தோண்டுவார்களா, அல்லது அடிவரை தோண்டிவிட்டுக் கட்டி மேலே வருவார்களா என்று கேட்டறியுங்கள். முதல் முறையில் சாலை விரைவில் திரும்பக் கிடைக்கும். உங்கள் வியாபாரத்துக்கு அது பெரிய வேறுபாடு.

சுவரின் இணைப்புகளில் நீர் கசிந்தாலோ, பள்ளத்து நீரை இறைக்கும்போது வெளியிலும் நீர்மட்டம் இறங்கினாலோ, களிமண் இறுகி நிலம் தாழும். ஏரி இருந்த இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். சென்னையில் பனகல் பூங்கா நிலையம் அமையும் தியாகராய நகர், 1920களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. உங்கள் தெருவும் அப்படிப்பட்டதுதானா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். கட்டடம் முழுவதும் ஒரே சீராகச் சில மில்லிமீட்டர் இறங்கினால் பெரும்பாலும் கேடில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் சன்னல் மூலைகளிலிருந்து சாய்வான விரிசல்கள் கிளம்பும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் சிக்கியது போன்ற திடீர்ச் சரிவு அரிது.

வேலை தொடங்குமுன் கட்டடங்களின் நிலையைப் பதிவு செய்ய வருவார்கள். அன்று கட்டாயம் உடனிருந்து, இப்போதே உள்ள ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் செய்து, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் இழப்பீடு கோர நேர்ந்தால் அதுவே உங்கள் முதல் ஆதாரம். தனியாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தின் ஆழத்தையும் பார்த்து வைப்பது நல்லது. பழைய விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் பதித்து, தேதியையும் எழுதி வையுங்கள். அது உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். கிணறு இருந்தால் வாரம் ஒருமுறை கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள்.

கட்டடத்துக்குள் மூடிக் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு ஏதேனும் இருந்தால் அதை மறைக்காமல் திட்டப் பொறியாளர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சுரங்கப் பாதை அதை ஒட்டிச் சென்றால், சுரங்கம் குடையும் இயந்திரம் மண்ணைத் தாங்க அழுத்தும் குழம்பு அந்த வழியே பீறிட்டு உங்கள் தரைக்கே வந்துவிடக்கூடும்.