“கையெழுத்துப் போட மாட்டேன்” என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடிமகன். எனக்குக் கிடைத்த இரண்டு வருட கிரீன் கார்டு அடுத்த மார்ச்சில் முடிகிறது. அவர் அடிக்கிறார். எதிர்த்துப் பேசினால், “கார்டை நிரந்தரமாக்கும் ஐ-751 படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், கார்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன்” என்கிறார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். போலீஸுக்குப் போனதில்லை. என்ன செய்வது மேடம்?
- பெயர் வேண்டாம், எடிசன், நியூஜெர்சி

பதில்: முதலில் ஒன்று, சகோதரி. அந்தக் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் உங்கள் கணவருக்கு இல்லை. அது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இதே மிரட்டலை எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். அதை நம்பித்தான் வருடக்கணக்கில் அடி வாங்கியிருக்கிறார்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 போடுவதென்றால், கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் போட வேண்டும். ஆனால் உண்மையான எண்ணத்தோடு திருமணம் செய்து, கொடுமைக்கு ஆளானவர் தனியாகவே போடலாம். கணவருடைய கையெழுத்து வேண்டாம், விவாகரத்து ஆகியிருக்கவும் வேண்டாம், அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. மார்ச் வரை காத்திருக்காதீர்கள்.

போலீஸ் புகார் இல்லையே என்று கலங்க வேண்டாம், அது கட்டாயமில்லை. காயத்துக்கு டாக்டரிடம் காட்டிய சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மிரட்டல், சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தரும் வாக்குமூலம், மனநல ஆலோசகரின் அறிக்கை எல்லாமே சாட்சிதான். மனம் மட்டுமே நொறுக்கப்பட்டிருந்தாலும் சட்டம் அதைக் கொடுமையாகவே பார்க்கிறது. திருமணம் உண்மையானது என்பதற்கு கல்யாண போட்டோ, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு வேண்டும். இவற்றை இன்றே போட்டோ எடுத்து, அவருக்குத் தெரியாத ஒரு புது இமெயிலில் வைத்துவிடுங்கள். படிவத்தில் தபால் முகவரி கேட்குமிடத்தில் நம்பிக்கையான தோழியின் முகவரியைக் கொடுங்கள். ரசீது உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் வந்து விழக்கூடாது. நீங்கள் விண்ணப்பித்ததைக் குடியேற்றத் துறை அவரிடம் சொல்லக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது.

“கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா” என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தால் போகாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், திரும்பி வர அந்தக் கார்டு மட்டும் போதாது. பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால், போலீஸில் எழுதிக் கொடுத்து, நியூயார்க் இந்தியத் துணைத் தூதரகத்தில் புதிது கேட்கலாம்.

நியூஜெர்சியிலேயே ‘மானவி’ இருக்கிறது. தெற்காசியப் பெண்களுக்காக 1985-ல் தொடங்கிய அமைப்பு. அவர்களிடம் பேசுங்கள். வழக்கை குடியேற்றச் சட்ட வக்கீலிடம்தான் கொடுக்க வேண்டும், படிவம் நிரப்பித் தரும் ஏஜென்டிடம் அல்ல. உடனடி ஆபத்து என்றால் 911.

கேள்வி: என் தோழிக்கும் இதே கதைதான். ஆனால் கணவர் ஹெச்-1பி வேலை விசாவில், அவள் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். அவளுக்கும் இது பொருந்துமா?
- வாசகி, டாலஸ்

பதில்: பொருந்தாது. கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால்தான் மனைவி அந்த வழியில் போக முடியும். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. இருந்தாலும் உங்கள் தோழிக்கு இரண்டு வழி உண்டு. கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவி ஐ-765வி படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம். அப்புறம், போலீஸ் விசாரணைக்கு உதவினால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசா. வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் தருவார்கள் என்பதால் காத்திருப்பு மிக நீளம். கிடைத்து மூன்று வருடம் இங்கேயே இருந்தால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். யூ விசா கேட்கப் போலீஸ் கையெழுத்திட்ட சான்று அவசியம். உங்கள் தோழி புகார் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.