வேட்பாளரால் தோற்கும் கட்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேர்தல்கள் குறித்த உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நண்பர்களுக்குள் ஒரு விவாதம் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது. கடுமையாகப் பேசி மக்களை இரண்டாகப் பிரிக்கும் ஒருவரை வேட்பாளராக நிறுத்தினால் கட்சிக்கு லாபமா, நஷ்டமா? லாபம் என்பது என் வாதம். மிதமாகப் பேசுபவருக்காக யாரும் வரிசையில் கால்கடுக்க நிற்பதில்லை. வெறியோடு ஆதரிக்கும் தொண்டர்களை வைத்திருப்பவர்தான் சாவடிக்கு ஆள் கொண்டுவருகிறார். 2016ல் டிரம்ப் ஜெயித்ததே சான்று. நான் சொல்வது சரியா? தவறென்றால் எண்களை வைத்து எப்படிக் காட்டுவது? அப்படிப்பட்டவரோடு அதே கட்சியில் நிற்க நேர்ந்த மற்ற வேட்பாளர்கள் என்னதான் செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நஷ்டம் வர முடியும், பலமுறை வந்திருக்கிறது. உங்கள் வாதத்தில் பாதி சரி. அப்படிப்பட்டவர் தன் ஆட்களைச் சாவடிக்கு இழுத்து வருவார். ஆனால் எதிர்த்தரப்பு ஆட்களையும் அவரேதான் இழுத்து வருகிறார். அவருடைய கூட்டத்தில் நிற்பவர்களை நாம் கண்ணால் பார்க்கிறோம். அவருக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்தபடி முடிவெடுத்தவர் எந்தப் புகைப்படத்திலும் இல்லை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மிதமான வேட்பாளர் நின்றால் உங்கள் கட்சிக்கு 360 வாக்கு, எதிர்க்கட்சிக்கு 340 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் பிளவுபடுத்துபவரை நிறுத்துகிறீர்கள். வழக்கமாக வாக்களிக்க வராத 25 பேர் அவருக்காக வருகிறார்கள். உங்கள் வழக்கமான வாக்காளர்களில் 12 பேர் எதிர்க்கட்சிக்குப் போகிறார்கள், 8 பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எதிர்க்கட்சி ஆதரவாளர்களில் இந்தமுறை வராமல் இருந்திருக்கக்கூடிய 20 பேர் அவரைத் தடுக்கவென்றே வருகிறார்கள். இப்போது உங்கள் கட்சிக்கு 365, எதிர்க்கட்சிக்கு 372. உங்கள் வாக்கு 5 கூடியிருக்கிறது. தேர்தலில் 7 வாக்கில் தோற்றுவிட்டீர்கள். "நமக்கு வாக்கு கூடத்தானே செய்தது, எப்படித் தோற்றோம்?" என்று கட்சி அலுவலகத்தில் கேட்பவர்கள் இந்த நான்கு எண்களில் முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்கள்.

இந்தக் கணக்கில் கட்சி மாறுபவரின் எடையைக் கவனியுங்கள். வீட்டில் தங்கிவிடுபவரால் வித்தியாசம் ஒன்று குறைகிறது. மாறி வாக்களிப்பவரால் இரண்டு குறைகிறது. ஒருவர் மாறினால் அதை ஈடுகட்ட இரண்டு புதியவர்களைச் சாவடிக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே தவறாமல் வாக்களிக்கும் தொண்டரை இன்னும் வெறியேற்றிப் பயனில்லை, அவருக்கு இருப்பது ஒரே வாக்குதான்.

இனி நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2012, அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். செனட் (நாடாளுமன்ற மேலவை) இடத்தில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில். தோற்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். குடியரசுக் கட்சியின் பிரைமரியில் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில்) முக்கியமான மூவர் மோதினார்கள். அவர்களில் மிகக் கடுமையான நிலைப்பாடுகள் கொண்ட டாட் ஏக்கினே தனக்கு எளிதான எதிராளி என்று மெக்காஸ்கில் கணித்தார். ஏக்கின் "மிதமிஞ்சிய பழமைவாதி" என்று விளம்பரம் செய்ய ஏறத்தாழ 17 லட்சம் டாலர் செலவழித்தார். பார்க்கத் தாக்குதல்போல இருக்கும். ஆனால் பிரைமரியில் வாக்களிக்கும் தீவிர ஆதரவாளர் காதில் அது பாராட்டாகவே விழும். பின்னாளில் அவரே இதை வெளிப்படையாக எழுதினார். மற்ற இருவரும் ஆளுக்கு 30 சதவீதம் அளவில் பிரித்துக்கொள்ள, ஏக்கின் வெறும் 36 சதவீதத்தில் வேட்பாளர் ஆனார். கட்சிக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பிளவுபடுத்தும் வேட்பாளர்கள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்: பலமுனைப் போட்டி, குறைந்த வாக்குப்பதிவு, பாதியைத் தொடாத வாக்கு.

ஆகஸ்ட் 7ல் பிரைமரி. ஆகஸ்ட் 19ல் வெளியான ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வல்லுறவால் கருத்தரிப்பது அரிது என்று பொருள்பட ஏக்கின் பேசினார். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மிட் ராம்னி உட்படத் தலைவர்கள் விலகச் சொன்னார்கள். எளிதாக விலக இரண்டே நாள் இருந்தது. நீதிமன்ற உத்தரவு பெற்று விலக செப்டம்பர் 25 வரை வழி இருந்தது. இரண்டு கெடுவும் கடந்தன. அவர் விலகவில்லை.

முடிவை, அதே நாள் அதே வாக்குச்சீட்டில் இருந்த ராம்னியோடு ஒப்பிடுங்கள். மிசௌரியில் ராம்னிக்கு 53.8 சதவீதம், ஏக்கினுக்கு 39.1. ஏறத்தாழ 4,16,000 பேர் வித்தியாசம். அவர்கள் எங்கே போனார்கள்? மெக்காஸ்கில் 54.8 பெற்றார், ஒபாமா அங்கே பெற்றது 44.4. ஆக பத்துப் புள்ளி எதிர்க்கட்சிக்கு. சிறு கட்சியான சுதந்திரவாதக் கட்சியின் வேட்பாளர் செனட்டுக்கு 6.1 பெற்றார், அதே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பெற்றது 1.6. அங்கே நாலரைப் புள்ளி. செனட் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஒரு சதவீதம் அளவுதான். வந்த வாக்காளர் ராம்னிக்குக் குத்திவிட்டு, அடுத்த வரிசையில் கை நிறுத்தி, வேறு பெயரைத் தேடியிருக்கிறார். கொள்கையில் அவர் மாறவில்லை, அந்த ஒரு பெயரை ஏற்கவில்லை.

நீங்கள் கேட்ட "எண்களை வைத்து எப்படிக் காட்டுவது" என்பதற்கு இதுவே நல்ல வழி. ஒரே நாள், ஒரே பகுதி, ஒரே கட்சி, வெவ்வேறு பதவி. நாட்டு நிலவரம், பொருளாதாரம், ஆட்சி மீதான கோபம் எல்லாம் இருவருக்கும் பொது. மிஞ்சும் வித்தியாசம் பெரும்பாலும் வேட்பாளருடையது. போன தேர்தலோடு ஒப்பிட்டால் அலையையும் ஆளையும் பிரிக்க முடியாது.

இன்னொரு பொறி இருக்கிறது. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத இடங்களில் மிதமானவர்கள் நிற்கத் தயங்குவார்கள், தீவிரமானவர்கள்தான் முன்வருவார்கள். அங்கே தோல்வி முன்பே எழுதப்பட்டது. அதை வேட்பாளர் தலையில் கட்டுவது அநியாயம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆண்ட்ரூ ஹால் 2015ல் வெளியிட்ட ஆய்வில் இதை அழகாகத் தாண்டினார். தீவிரமானவரும் மிதமானவரும் மோதி, மயிரிழையில் முடிவான பிரைமரிகளை மட்டும் எடுத்தார். அத்தகைய இடங்களில் யார் ஜெயித்தார் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டியது மாதிரி, ஆகவே தொகுதிகள் ஒப்பிடத் தக்கவை. 1980 முதல் 2010 வரையிலான பிரதிநிதிகள் சபை (கீழவை) தேர்தல்களில், தீவிரமானவர் வேட்பாளர் ஆனபோது கட்சியின் வாக்கு 9 முதல் 13 சதவீதப் புள்ளிவரை குறைந்தது. வெற்றி வாய்ப்பு 35 முதல் 54 புள்ளிவரை சரிந்தது. அவரும் டேனியல் தாம்ப்ஸனும் 2018ல் செய்த ஆய்வு உங்கள் வாதத்துக்கு நேர் பதில்: தீவிரமான வேட்பாளர் நின்றால், வாக்களிக்க வந்தவர்களில் அவருடைய கட்சியினரின் பங்கு குறைகிறது. உசுப்பப்பட்டவர்கள் எதிர்த்தரப்பினர்.

அந்த எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்த வேண்டாம். பதவிக்குப் பதவி கட்சி மாற்றிக் குத்தும் பழக்கம் அமெரிக்காவில் அருகிவிட்டது. 1984ல் ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, பிரதிநிதிகள் சபைக்கு மற்றொரு கட்சி என்று தேர்ந்த தொகுதிகள் 190. 2020ல் 16. மாறும் வாக்காளர் குறைந்தால் தண்டனையும் குறையும். ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு. பிரித்துக் குத்தாத வாக்காளர், வாக்குச்சீட்டில் மேலே இருப்பவரை வெறுத்தால் கீழே இருப்பவரும் சேர்ந்து அடிவாங்குவார்.

மேலே இருப்பவரின் சரிவு கீழே எவ்வளவு இறங்கும் என்பதற்கு இரண்டு பழைய தேர்தல்கள் போதும். 1964ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் 38.5 சதவீதத்தோடு ஆறு மாநிலங்களை மட்டும் வென்றார். அவரோடு குடியரசுக் கட்சியும் தரைமட்டமானது. ஜனநாயகக் கட்சிக்குச் சபையில் 295, செனட்டில் 68 இடங்கள். 1972ல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் அதைவிடக் குறைவாக 37.5 சதவீதம் பெற்றார், 49 மாநிலங்களை இழந்தார். ஆனால் அவருடைய கட்சி சபையில் பெரும்பான்மையைத் தக்கவைத்தது, செனட்டில் இரண்டு இடம் கூடவே பெற்றது. அந்தக் கட்சியின் உள்ளூர் வேட்பாளர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு பெயர் இருந்தது, வாக்காளரும் பிரித்துப் பார்த்தார். கோல்ட்வாட்டர் கதையில் இன்னொன்று: அவர் வென்ற ஆறில் ஐந்து தென்மாநிலங்கள், அதுவரை அவர் கட்சி பெரிதாகக் காலூன்ற முடியாத இடங்கள். அலபாமாவின் எட்டு சபை இடங்களில் ஐந்தை அந்த ஆண்டே அக்கட்சி பிடித்தது. ஒரு தேர்தலில் கட்சியை மூழ்கடித்தவர் வேறு நிலத்தில் அதற்கு விதை போட்டார். நஷ்டத்தை எந்தக் கால அளவில் எண்ணுகிறோம் என்பதும் கேள்விதான்.

அண்மைக்கு வந்தால், 2022ல் பென்சில்வேனியா. கவர்னர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சியின் டக் மாஸ்ட்ரியானோ 41.7 சதவீதம், அதே கட்சியில் செனட்டுக்கு நின்ற மெஹ்மத் ஆஸ் 46.3. இருவரும் தோற்றார்கள், மாநிலக் கீழவையும் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் ஜனநாயகக் கட்சியிடம் 102க்கு 101 என்று போனது. அந்த ஆண்டுதான் தொகுதி எல்லைகளும் மாறின, ஆகவே முழுப் பழியையும் ஒருவர்மேல் போட முடியாது. ஆனால் ஓர் இட வித்தியாசத்தில் கைமாறும் சபைக்கு, மேலிருந்து வரும் சிறு இழுப்பும் பெரிது.

தேர்தல் முறையும் விளைவை மாற்றும். பலமுனைப் போட்டியில் அதிக வாக்கு பெற்றவர் ஜெயிக்கும் முறையில், 35 சதவீத வெறியர்களும் 65 சதவீத எதிரிகளும் உள்ளவர் ஜெயித்துவிடலாம். எதிரிகள் சிதறிக் கிடந்தால் போதும். இரண்டு சுற்று முறை அதை அடைக்கிறது. பிரான்சில் 2002 ஜனாதிபதித் தேர்தலில் தீவிர வலதுசாரியான ழான் மரி லெ பென் முதல் சுற்றில் 16.9 சதவீதம் பெற்று இறுதிக்கு வந்தார். இரண்டாம் சுற்றில் 17.8. எதிரே நின்ற சிராக் 19.9லிருந்து 82.2க்குப் போனார், வாக்குப்பதிவு எட்டுப் புள்ளி உயர்ந்தது.

அதே நாட்டில் 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். முதல் சுற்றில் பதிவு பெற்ற வாக்காளர்களில் 12.5 சதவீதத்தின் வாக்கைப் பெற்றவர் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். வாக்குப்பதிவு கூடியதால் 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் மும்முனைப் போட்டி வந்தது. லெ பென் தொடங்கிய கட்சியைத் தடுக்க இரண்டே நாளில் 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகினார்கள். மும்முனை நூற்றுக்கும் கீழே போனது. முதல் சுற்றில் கூட்டாளிகளோடு 33 சதவீதம் பெற்று முதலிடத்தில் இருந்த கட்சி, இடங்களில் மூன்றாவதாக வந்தது.

சரி, 2016. டிரம்ப் 46.1 சதவீதம், ஹிலாரி கிளின்டன் 48.2. நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் வாக்கு பின்தங்கியும், ஜனாதிபதியை மாநிலவாரியாகத் தீர்மானிக்கும் முறையில், மூன்று மாநிலங்களில் மொத்தமாக 78,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரே நின்றவரும் கடுமையாக வெறுக்கப்பட்டவர் என்பது இங்கே தீர்மானமான காரணம். இருவரையும் பிடிக்காத வாக்காளர்களில் கூடுதலானோர் டிரம்பிடம் போனார்கள். அந்தத் தேர்தல் காட்டுவது: பிளவுபடுத்துபவர் வாக்கை இழந்தும் ஜெயிக்கலாம், வாக்குகள் விழும் இடம் சாதகமாக இருந்து, எதிராளியும் அதே அளவு வெறுக்கப்பட்டால். அவர் கட்சிக்கு வாக்கைக் கூட்டினார் என்பதற்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது.

தேர்தலுக்கு முன்பே அறிய வேண்டுமானால், கருத்துக்கணிப்பில் "பிடிக்குமா" என்ற வரியைத் தாண்டி மூன்று வரிகளைப் பாருங்கள். "என்ன ஆனாலும் இவருக்கு வாக்களிக்க மாட்டேன்" என்பவர்கள் எத்தனை சதவீதம்? எதிர்க்கட்சி ஆதரவாளர்களில் "நிச்சயம் வாக்களிப்பேன்" என்பவர்கள் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபின் கூடினார்களா? பெயர் சொல்லாமல் கட்சியை மட்டும் கேட்டால் வரும் ஆதரவுக்கும், பெயர் சொன்னால் வரும் ஆதரவுக்கும் இடைவெளி என்ன? முதல் எண் பாதியைத் தாண்டினால், நேருக்கு நேர் போட்டியில் மீள்வது மிகக் கடினம். கட்சி உறுப்பினர்களிடம் மட்டும் எடுத்த கணிப்பைத் தூக்கிப் போடுங்கள், அது இந்தக் கேள்விக்கு உதவாது.

மற்ற வேட்பாளர்கள் விஷயம். 2016ல் பெண்களை இழிவாகப் பேசிய டிரம்பின் பழைய ஒலிப்பதிவு வெளியானதும், அவர் கட்சியில் செனட்டுக்கு நின்ற ஓஹாயோவின் ராப் போர்ட்மனும் நியூஹாம்ப்ஷயரின் கெல்லி அயோட்டும் ஆதரவைத் திரும்பப் பெற்றார்கள். போர்ட்மன் 58 சதவீதத்தில் ஜெயித்தார், டிரம்ப் அங்கே பெற்றதைவிட ஆறு புள்ளிக்குமேல் அதிகம். அயோட் 1,017 வாக்கில் தோற்றார். இருவரின் மாநிலமும் எதிராளியும் வேறு, ஆகவே நேர் ஒப்பீடு ஆகாது. ஆனால் போர்ட்மன் வெகு முன்பே சொந்தத் தொண்டர் படையைக் கட்டி, போதை மாத்திரைப் பழக்கம் போன்ற மாநிலப் பிரச்சினைகளிலேயே பேச்சை நிறுத்தியிருந்தார். அயோட் அந்த ஒலிப்பதிவு வெளியாவதற்குச் சில நாள் முன்பு ஒரு விவாதத்தில், டிரம்ப் குழந்தைகளுக்கு முன்மாதிரி என்று சொல்லி, அன்றே தவறிச் சொன்னதாகப் பின்வாங்கியிருந்தார். விலகுவதானால் வேட்பாளர் அறிவிப்பு வந்த வாரத்திலேயே விலகுங்கள், அல்லது கடைசிவரை பேசாமல் உங்கள் தொகுதியை மட்டும் பேசுங்கள். கடைசி மாதத்தில் மாறினால் அவருடைய ஆட்களும் உங்களைத் துரோகி என்பார்கள், எதிர்த்தரப்பும் நம்பாது. கையிலுள்ள பணத்தையும் ஆளையும், மேலே இருப்பவருக்கு வாக்களிக்காமல் உங்களுக்கு மட்டும் வாக்களிக்கக்கூடியவர்களின் பட்டியலைத் தயாரிக்கச் செலவிடுங்கள். அவர்கள் வீட்டுக் கதவை நேரில் தட்டுங்கள், பிரசுரத்தில் உங்கள் பெயரை மட்டும் போடுங்கள்.