வன்னியில் எதிரெதிர்க் கட்சிகளை ஒரே மண்டபத்தில் இருத்திக் காணிப் பிரச்சினையைப் பேசவைப்பது எப்படி?

கேட்டிருப்பது இது: ஒரு சனசமூக நிலையம், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, தமிழ்க் கட்சிகள் எல்லாவற்றையும் அழைத்துக் காணிக் கொள்கை பற்றிப் பொதுக் கலந்துரையாடல் வைக்க விரும்புகிறது. முன்பு வைத்தது வாய்த்தர்க்கத்தில் முடிந்ததாம். இந்த முறை உருப்படியாக நடத்த என்ன செய்யவேண்டும்?

வன்னியில் சண்டை பிடித்தாலும் முடிவோடு கலைகிற கூட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். நீர்ப்பாசனப் பொறியியலாளர் முதலில் எழும்பி, குளத்தில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று வாசிப்பார். அதற்குப் பிறகுதான் இடதுகரை, வலதுகரை, பங்கு என்று சத்தம் தொடங்கும். அடிக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லாதபடியால் சண்டை ஏக்கரில் மட்டும் நடக்கும், பொழுது சாய முன் முடிந்தும் போகும். கட்சிகள் கூடும் மேடைகளில் அந்த அடிக்கணக்கு இருப்பதில்லை. ஒருவர் ஒரு எண்ணைச் சொல்ல மற்றவர் வேறொன்றைச் சொல்வார், சபை தனக்குப் பிடித்ததை நம்பும். ஆகவே உங்கள் முதல் வேலை எல்லாக் கட்சியும் பார்த்து ஏற்ற ஒரு தரவுத்தாள். மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன் கேள்வியைக் குறுக்கவேண்டும். “வன்னியின் காணிப் பிரச்சினை” என்று அறிவித்தால் ஆறு பேர் ஆறு வரலாற்றைப் பேசுவார்கள். “போரில் காணி அனுமதிப்பத்திரமும் உறுதிப்பத்திரமும் தொலைத்தவர்களின் உரிமையை எந்த ஆதாரங்களை வைத்து ஏற்கவேண்டும், அந்த முடிவை எடுப்பது யார்?” என்று கேட்டால் அவர்களுக்கு ஓட இடமில்லை. இது தேசியக் கொள்கைக் கேள்விதான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது, அரச காணியைக் குடியரசின் கையிலேயே விட்டது, தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சொன்னது. 1987இல் எழுதிய அந்த ஆணைக்குழு இன்னும் பிறக்கவில்லை. வடக்கு மாகாண சபையும் 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தலைக் காணவில்லை. எந்தக் கட்சியும் இதற்கு இரண்டு வசனத்தில் பதில் சொல்லித் தப்பமுடியாது.

தரவுத்தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஒன்றில் எல்லாரும் ஒப்புக்கொள்பவை, மற்றதில் ஒப்புக்கொள்ளாதவை. 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானியை எடுத்துப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வடக்கில் 5,941 ஏக்கர் குறிப்பிடப்பட்டது: யாழ்ப்பாணம் 3,669, முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515, மன்னார் 54. உரிமை கோர மூன்று மாதம் தவணை. எதிர்ப்பு வந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. இவ்வளவும் முதல் பக்கம். அரசாங்கம் காணியைப் பிடிக்கப் பார்த்ததா, உறுதி இல்லாதவருக்கு உறுதி கொடுக்கப் பார்த்ததா என்பது இரண்டாம் பக்கம். அங்கே ஒவ்வொரு கட்சியும் தன் நிலைப்பாட்டைத் தன் சொற்களில், 25 சொல்லுக்குள் எழுதித் தரவேண்டும். நீங்கள் சுருக்கி எழுதினால் “நாங்கள் அப்படிச் சொல்லவில்லை” என்பதிலேயே முதல் அரை மணித்தியாலம் போய்விடும்.

வரைவை மூன்று கிழமைக்கு முன்பே எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திருத்தம் கேட்டால் ஆவணம் கேளுங்கள். ஆவணம் காட்டினால் முதல் பக்கத்தைத் திருத்தலாம், இல்லாவிட்டால் அந்தக் கூற்று இரண்டாம் பக்கத்துக்குப் போகும். இந்த விதியைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். உள்ளூர் எண்களுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் தீர்க்கப்படாத அனுமதிப்பத்திர விண்ணப்பங்கள் எத்தனை, வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள் விழுந்த பயிர்ச்செய்கைக் காணி எவ்வளவு என்று தனித்தனி விண்ணப்பமாகக் கேளுங்கள். முடிவு சொல்ல 14 வேலைநாள், கொடுக்க இன்னும் 14 நாள், விரிவான தகவலென்றால் மேலதிகமாக 21 நாள் வரை இழுக்கலாம். எனவே கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னரே போட்டுவிடவேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூலச் சான்று வாங்காமல் வராதீர்கள்.

எண் சரியாக இருந்தாலும் அலகு மாறினால் விவாதம் கெடும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் பேச்சில் நடந்தது அதுதான். பொறியியலாளர் நாளொன்றுக்கு இத்தனை கனமீற்றர் என்றார், கமக்காரர் அடியிலும் ஏக்கர் அடியிலும் (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்) நினைத்தார், மேடையிலோ உரிமை என்ற ஒரே சொல். இப்போது தாளையடியில் இருக்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளுக்கு 24,000 கனமீற்றர். அதே அளவைக் குளத்திலிருந்து எடுப்பதாக வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கனமீற்றர். அப்படியானால் நாளுக்குப் பத்தொன்பதரை ஏக்கர் அடி, வருடத்துக்கு ஏறக்குறைய 7,100. இரணைமடு முட்ட நிரம்பினால் பிடிப்பது ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடி. குளத்து நீரில் நூற்றுக்கு ஆறுதான் போகும் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குளம் பாதியும் நிரம்பாத வருடத்தில் குழாய்க்குப் போகும் 7,100 குறையாது, குறைவது சிறுபோக ஏக்கர்தான் என்று பயப்படும் கமக்காரரும் பொய் சொல்லவில்லை. நல்ல வருடம், கெட்ட வருடம் என்று இரண்டு நிரலாகப் போட்டிருந்தால் பாதிச் சண்டை நடந்திராது. உங்கள் தாளிலும் ஏக்கர், ஹெக்டயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். திணைக்களங்கள் ஹெக்டயரில் தரும், சனம் ஏக்கரில் கேட்கும்.

யாரை அழைப்பது என்பதில் வன்னிக்கு ஒரு பொறி உண்டு. வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. கிளிநொச்சி மண்டபத்துக்கு வன்னி எம்.பி.மாரை மட்டும் அழைத்தால், அந்த ஊர்ச் சனத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் ஒருவரும் மேடையில் இருக்கமாட்டார். 2024 நவம்பர் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனமும் ஐந்து கட்சிக்குப் பிரிந்தன: தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசுக் கட்சி, ஐக்கிய மக்கள் சக்தி, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, இலங்கைத் தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்குத் தலா 1. தமிழ்த் தேசியக் கட்சிகளை மட்டும் கூப்பிட்டு “அனைத்துக் கட்சி” என்று போடவேண்டாம். காணிக் கொள்கையில் அவர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் சிறியது, தலைமைப் போட்டி பெரியது, கூட்டம் அந்தப் போட்டிக்குள் போய் விழும். அரச தரப்பில் ஒருவர், எதிர்த்தரப்பில் இருவராவது உறுதியானால் நடத்துங்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். வராதவருக்குப் பெயர்ப்பலகையோடு வெற்றுக் கதிரை போடுவது சிலருக்குச் சந்தோசம் தரலாம், ஆனால் அவர் அடுத்த முறையும் வரமாட்டார். அவர் கட்சியின் 25 சொல்லை வாசித்துவிட்டு நகருங்கள்.

அரச உத்தியோகத்தர்களை அரசியல்வாதிகளோடு வரிசையில் இருத்தக் கூடாது. அரச ஊழியருக்கான விதித்தொகுப்பாகிய தாபனக் கோவை அவர்களின் வாயைக் கட்டியிருக்கிறது, கமரா இருந்தால் இன்னும் இறுக்கம். மாவட்டச் செயலாளர் ஊடாகக் கடிதம் போட்டு, எண்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள். வந்தால் முதல் பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிடுங்கள். கருத்துக் கேட்டுச் சங்கடப்படுத்தினால் அடுத்த தடவை எண்ணும் கிடைக்காது.

நாள் பார்ப்பதில் கவனம். பாராளுமன்றம் வழமையாகக் கூடுவது கிழமை நாட்களில், வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு காலைப் பூசை. ஆகவே சனி காலை 9.30. காலபோக விதைப்பு நடக்கும் ஒக்டோபர், நவம்பரும், அறுவடை நடக்கும் தையிலிருந்து மாசி, பங்குனி வரையும் வேண்டாம். மே 18ஐ ஒட்டிய நினைவேந்தல் வாரம், வற்றாப்பளைப் பொங்கல், மடுவின் யூலை 2, ஆகஸ்ட் 15 திருவிழாக்கள் எல்லாவற்றையும் தவிருங்கள். பின்னேரக் கூட்டம் வைத்தால் எல்லைக் கிராமத்துச் சனம் யானைக்குப் பயந்து நான்கு மணிக்கே எழும்பிவிடும், பெண்கள் அதற்கும் முன்னரே. மண்டபத்துக்குப் பாடசாலையும் கட்சிக்காரர் தவிசாளராக உள்ள பிரதேச சபையும் தலையிடி தரும். கூட்டுறவுச் சங்க மண்டபம் பரவாயில்லை. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்துவையுங்கள்.

நேரத்தைக் கணக்கிட்டே ஆகவேண்டும். இரண்டரை மணித்தியாலம் என்றால் 150 நிமிடம். அறிமுகம் 5, தரவுத்தாள் வாசிப்பு 12, ஐந்து பேச்சாளருக்குத் தலா 6 என்று 30, ஒருவருக்கொருவர் மறுமொழி தலா 3 என்று 15, சபையின் கேள்விகள் 60, கடைசி வாக்குறுதிச் சுற்று தலா 2 என்று 10. மொத்தம் 132. மிச்சம் 18 எப்படியும் தாமதத்துக்குப் போகும். மங்கல விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை என்று தொடங்கினீர்களோ, முக்கால் மணித்தியாலம் கரைந்து சபையின் கேள்வி நேரம்தான் வெட்டுப்படும். பொன்னாடையில் ஒரு சங்கடம் வேறு: யாருக்கு முதலில் போர்த்தியது என்பதே மறுநாள் முகநூலில் செய்தியாகும். சிங்களத்தில் பேசுபவர் வந்தால், அவர் பேசி முடிக்க முடிக்க மொழிபெயர்த்தால் 6 நிமிடம் 12 ஆகும். அவர் பக்கத்தில் ஒருவரை இருத்திக் காதோடு சொல்லவையுங்கள், அவருடைய பேச்சின் குறிப்பை முன்பே வாங்கித் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்.

நடத்துநராக அதிபரையோ ஆசிரியரையோ போடாதீர்கள், இடமாற்றம் அரசியல்வாதியின் தொலைபேசியில் இருக்கிறது. மதகுருமாரை மறித்துப் பேசச் சனம் கூசும், அவர்களும் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கக் கூசுவார்கள். வேறு மாவட்டத்து ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தரோ பிரதேச செயலாளரோ கிடைத்தால் நல்லது. மணி அடிப்பவர் வேறாக இருக்கட்டும். ஒரே ஆள் நடத்தி நிறுத்தவும் செய்தால், நிறுத்தப்பட்டவர் அவரைப் பக்கச்சார்பு என்பார். ஒரு விதிவிலக்கு உண்டு: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் ஒலிவாங்கியைப் பிடித்தால் அங்கே மணி அடிக்கப்படாது. காணிக் கூட்டத்திலும் அவர்கள் எழும்புவார்கள், அது நியாயம். கேள்வி நேரத்தில் 10 நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

கேள்விகளில் பாதியைத் துண்டுக் கடதாசியில் வாங்குங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. தங்கள் காணியை யார் பிடித்திருக்கிறார் என்பதைச் சபையில் எழும்பிச் சொல்ல முடியாதவர்கள் பலர். அதே காரணத்துக்காக, அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி எண்ணும் கேட்கும் வரவுப் பதிவேட்டைச் சுற்றவிடாதீர்கள், தலையை எண்ணினால் போதும். புலனாய்வுக்காரர் வந்து நிற்பது வன்னியில் புதினமில்லை, அவர்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் வேலை உங்களுடையது அல்ல. ஒளிப்பதிவை நீங்களே முழுதாக எடுத்து அன்று மாலையே வெட்டாமல் ஏற்றுங்கள். பிந்தினால் நாற்பது செக்கன் துண்டுகள் முந்திவிடும்.

கடைசிச் சுற்றில் “உறுதி பெற்றுத் தருவீர்களா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். அவரவர் கையில் உள்ள அதிகாரத்தைக் கேளுங்கள். எதிர்க்கட்சி எம்.பி. என்றால் வாய்மூல வினா எழுப்புவாரா, கட்சித் தலைவர் என்றால் பாராளுமன்ற நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் கேட்பாரா, பாதிக்கப்பட்டவரின் மனுவைப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குச் சமர்ப்பிப்பாரா (அந்த மனு ஒரு எம்.பி. ஊடாகத்தான் போகமுடியும்). ஆளும் கட்சி எம்.பி. என்றால் அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைப் போடுவிப்பாரா. கையெழுத்துக் கேட்டால் பின்வாங்குவார்கள். அவர் சொன்னதைச் சபைக்கு முன் திருப்பி வாசித்து, சரியா என்று ஒலிப்பதிவில் கேட்டாலே காணும்.

மறு கிழமை அந்த வாக்குறுதிகளை ஒரு பக்கத்தில் அச்சடித்து எல்லாக் கட்சிக்கும் பதிவுத்தபாலில் அனுப்பி, 90 நாள் தவணை குறியுங்கள். வினா எழுப்பப்பட்டதா என்பதை பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டில் நீங்களே பார்க்கலாம், ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்ட அறிக்கையை மாவட்டச் செயலகத்தில் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நடந்தது, நடக்காதது என்று இரண்டு நிரலாக எழுதிக் கிராம அலுவலர் அலுவலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டுங்கள். எந்தக் கட்சியையும் திட்டி ஒரு வரியும் சேர்க்கவேண்டாம், அடுத்த கூட்டத்துக்கும் அதே ஆட்களைத்தான் கூப்பிடப்போகிறீர்கள்.