எடுக்க ஆள் வராத கட்டில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விவகாரம். கொடுத்த பொருளை எடுக்கப் போகாதவர்கள் ஒரு பக்கம், எடுக்க ஆள் வராத பொருளோடு மல்லுக்கட்டும் கடைக்காரர்கள் மறுபக்கம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த மூன்று ஜாக்கெட்டுகளை அடுத்த தீபாவளி கழித்துத்தான் வாங்கப் போனேன். "யாருக்கோ கொடுத்துட்டோம்மா" என்கிறார் டெய்லர். வழக்குப் போடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: போடலாம். துணி உங்களுடையது, அதை இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை, தையல் கூலியும் கொடுக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? துணியின் விலையைக் கேளுங்கள், கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: புது வீட்டுக்காகத் தேக்குக் கட்டிலும் அதே நிறத்தில் ஒரு பீரோவும் செய்யச் சொன்னேன். மொத்தம் 72,000 ரூபாய், முன்பணம் 20,000. வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போனதால் எடுக்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்துப் போனால், வேறு ஒருவருக்கு விற்றுவிட்டாராம். முன்பணமும் கிடையாதாம், பில்லிலேயே போட்டிருக்கிறதாம். இது பகல் கொள்ளை இல்லையா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: கடைக்காரர் எண்ணையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. அவரிடமும் பேசினேன். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை அவர் சொன்னார்.

கட்டில் முடிந்த அன்றே பாலிஷ் காயும் முன் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "கட்டில் ரெடி சார். எப்ப எடுக்குறீங்க?" நீல டிக் விழுந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய பதில், கூப்பிய இரண்டு கைகள். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் சார்? கடை பத்துக்கு இருபது அடி. கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஆறு மாதம் அதை ஒதுங்கித் தாண்டித்தான் பட்டறைக்குப் போயிருக்கிறார்.

1930-ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம் இதைப் பற்றி 44-ஆவது பிரிவில் பேசுகிறது. பொருள் தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பவர் கேட்டும், நியாயமான காலத்துக்குள் வாங்குபவர் எடுக்கவில்லை என்றால், அதனால் வந்த நஷ்டத்தையும் பத்திரமாக வைத்திருந்த செலவையும் கேட்கலாம். இதுவரை தப்பு உங்கள் பக்கம்.

அப்புறம் அவர் சறுக்கினார். அதே சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, மறுபடி விற்பதற்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். "இத்தனை நாளுக்குள் மீதிப் பணம் கட்டி எடுக்காவிட்டால் வேறொருவருக்கு விற்றுவிடுவேன்" என்று தெளிவாக. "எப்ப எடுக்குறீங்க?" என்பது எடுக்க வரச்சொல்லிக் கேட்டதாகும், விற்கப்போவதாகச் சொன்னதாகாது. அழுகிப்போகும் சரக்குக்குத்தான் இந்த அறிவிப்பு தேவையில்லை. கட்டில் வாழைத்தார் அல்லவே. அறிவிப்பு இல்லாமல் விற்றால், விலை குறைந்த நஷ்டத்தை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. லாபத்துக்கு விற்றிருந்தால் அந்த லாபமே வாங்குபவருக்குச் சேரும். இவர் 67,000-க்குத்தான் விற்றிருக்கிறார். அந்த 5,000 அவர் கணக்கு.

முன்பணம்? நம் பேச்சில் அச்சாரமும் முன்பணமும் ஒன்றுபோலப் புழங்குகின்றன. சட்டத்துக்கு அவை வேறு வேறு: அச்சாரம் பேரத்தை உறுதிப்படுத்தக் கொடுப்பது, முன்பணம் விலையில் ஒரு பகுதி. 1963-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சொத்து விற்பனை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விலை 1,12,500 ரூபாய். வாங்கியவர் 1,000 ரூபாய் அச்சாரம் கொடுத்திருந்தார், அப்புறம் 24,000 விலையில் ஒரு பகுதியாகக் கட்டியிருந்தார். பேரம் முறிந்தது அவரால்தான். அப்படியிருந்தும், விற்றவர் அந்த ஆயிரத்தை வைத்துக்கொள்ளலாம், 24,000-ஐ வைத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுக்கு நஷ்டம் என்று காட்டவில்லையே என்பதுதான் காரணம். ஆகவே பில்லில் "அட்வான்ஸ் திரும்பக் கிடையாது" என்று அச்சடித்துவிட்டால் மட்டும் 20,000-ம் அவருடையதாகிவிடாது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இடத்து வாடகையாவது தரச் சொல்லுங்க சார்" என்றார். போட்டோ அனுப்பியதிலிருந்து ஆறு மாதம், மாதம் 500 என்று 3,000 பிடித்துக்கொண்டு 17,000-ஐ இரண்டு தவணையில் தர ஒப்புக்கொண்டார். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. உங்களுக்குப் படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தத் தொகைக்கெல்லாம் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே அந்தக் கூப்பிய கைகளையும் காட்ட வேண்டியிருக்கும். 17,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: "விமான நிலையத்தில் யாரும் எடுக்காத சூட்கேஸ், ஒன்று 199 ரூபாய்" என்று ஃபேஸ்புக்கில் பார்த்துக் கார்டு எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் 8,400 ரூபாய் போய்விட்டது. மகனிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. (61 வயது வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இதைப் படித்து முடிக்கும்முன் வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மகனிடமும் சொல்லிவிடுங்கள் அம்மா. அவர் சத்தம் போட்டால் என் கதையைச் சொல்லுங்கள். கஸ்டம்ஸில் பிடித்த சரக்கு என்று ஒருவர் காதோரம் சொன்னதை நம்பி ஒரு கேமரா வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், எடைக்காக வைத்த இரும்புத் துண்டு, அதைச் சுற்றி ஒரு கன்னட நாளிதழ். நான் அப்போதே நுகர்வோர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவன்தான்.

கேள்வி: 22 வருடமாக மிக்ஸி ரிப்பேர் கடை நடத்துகிறேன். பரணில் நாற்பதுக்கு மேல் மிக்ஸிகள், எடுக்க ஆளே வரவில்லை. காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா? பெயர் தெரியாதவற்றில் "லால்குடி அக்கா, கப்ளர்" என்பதுபோலச் சீட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். (வாசகர், திருச்சி)

பதில்: போடக் கூடாது. ரிப்பேர் செய்தவர் கூலி வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம், 170-ஆவது பிரிவு. வைத்திருக்கலாம், அவ்வளவுதான். அடகு பிடித்தவருக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்து விற்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ரிப்பேர்க்காரருக்கு அந்த வழி இல்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் நியாயம்தான்.

இனி வரும் வேலைக்குச் சீட்டின் முன்பக்கத்தில், தமிழில், படிக்கிற அளவில் அச்சடியுங்கள். இத்தனை நாளில் எடுக்காவிட்டால் தகவல் கொடுத்து விற்று, கூலி போக மீதியைத் திருப்பித் தருவோம் என்று. அதன் கீழே வாடிக்கையாளரின் கையெழுத்தும் முகவரியும் வேண்டும். பழையவற்றில் எண் இருப்பவர்களுக்குப் போன் செய்யுங்கள், செய்தியும் அனுப்புங்கள், முகவரி இருந்தால் ஸ்பீடு போஸ்ட். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். லால்குடி அக்காவுக்கு எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அது பரணிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பட்டுப் புடவையை ட்ரை க்ளீனிங் கொடுத்துவிட்டு மகள் பிரசவத்துக்குப் போனேன். நாற்பது நாளில் திரும்பினால் புடவை காணோம். "30 நாளில் எடுக்காவிட்டால் பொறுப்பல்ல, தொலைந்தால் சலவைக் கூலியைப்போல் பத்து மடங்கு மட்டும்" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். (வாசகி, கோவை)

பதில்: அந்தப் பின்பக்கம்! வருடக் கணக்காக எனக்கும் அதற்கும் பகை. முன்பக்கத்தில் கடைப் பெயர், சாமி படம், தொலைபேசி எண் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்னால் எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி, அதுவும் வெளிர் சாம்பல் மையில். சில கடைகளில் வெப்பத்தாளில் அடித்துத் தருகிறார்கள். இரண்டு மாதத்தில் எழுத்து மறைந்து, நமக்கு மிஞ்சுவது ஒரு வெள்ளைத் துண்டு. நிபந்தனை மட்டும் கடைக்காரருக்கு மனப்பாடம். துணியைக் கொடுத்த பிறகுதான் ரசீதே கைக்கு வருகிறது. எதற்கு எப்போது நாம் சம்மதம் சொன்னோம்? கவுண்டரில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பன்னிரண்டு வரியைப் படிக்க ஆரம்பித்தால், பின்னால் நிற்பவர்களே சும்மா விடமாட்டார்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் இதை 1960-களிலேயே பார்த்துவிட்டது. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்தது. தொலைந்தால் பாதி மதிப்புதான் தருவோம் என்று ரசீதில் இருந்தது. அந்த நிபந்தனை பொது நலனுக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பு வந்தது. புதுத் துணியைப் பாதி விலையில் அமுக்கிக்கொள்ள அது வழி செய்துவிடும் அல்லவா? பாதி விலைக்கே அந்தக் கதி. உங்கள் கடைக்காரர் பத்து மடங்கு கூலி என்கிறார். 300 ரூபாய் கூலிக்கு 3,000. புடவை என்ன விலை என்று நீங்கள் எழுதவில்லை, 3,000-க்குள் இராது என்பது மட்டும் தெரியும்.

பத்து நாள் தாமதத்துக்காகப் புடவை அவருடையதாகிவிடாது. தன் சொந்தப் பொருளை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் அவர் காட்டியிருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள், கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். புடவை வாங்கிய பில் இல்லாவிட்டால் அதைக் கட்டியிருந்த கல்யாணப் போட்டோவை எடுத்து வையுங்கள். ரசீதை இன்றே இரண்டு பக்கமும் படம் எடுங்கள்.

கேள்வி: லாரி ஆபீஸில் வந்த பார்சலை இரண்டு மாதமாக எடுக்கவில்லை. ஏலம் போட்டுவிடுவார்களா? (வாசகர், விருதுநகர்)

பதில்: போடலாம். 2007-ஆம் வருடத்துச் சாலைப் போக்குவரத்துச் சரக்குச் சட்டப்படி, அறிவிப்புக் கொடுத்து 30 நாளாகியும் எடுக்காவிட்டால் அது உரிமை கோராத சரக்கு. மேலும் 15 நாள் அவகாசம் தந்து இன்னொரு அறிவிப்பு வரும். அதற்கும் அசையாவிட்டால் விற்று, கூலியும் கிடங்கு வாடகையும் போக மீதியைத் தர வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம்.

கேள்வி: சர்வீஸ் கடையில் "யாரும் எடுக்க வராத போன்" என்று 4,000-க்கு வாங்கினேன். இப்போது உரிமையாளர் என்று ஒருவர் வந்து கேட்கிறார். (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: அவர் உரிமையாளர்தான் என்றால் கொடுத்துவிடுங்கள் தம்பி. விற்றவருக்கே சொந்தமில்லாத பொருள் உங்களுக்குச் சொந்தமாகாது. 4,000-ஐக் கடைக்காரரிடம் கேளுங்கள். பில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். கொடுக்கும்போது கடைக்காரரும் கூட இருக்கட்டும். அடுத்த முறை பழைய போன் வாங்கும் முன், அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள்.

நானும் இப்படி ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன், 900 ரூபாய். மூன்று மாதம் கழித்து அதே கடையில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் மடித்து மடித்துக் கிழிந்த சீட்டை நீட்டினார். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், திறந்து வைத்திருந்த பின்மூடியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறியிருந்த எண்ணும் சீட்டில் இருந்த எண்ணும் ஒன்று. ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று பெரியவர் சொன்னார். கடிகாரத்தை அவரே வாங்கிக் கட்டிக்கொண்டார், பேட்டரிக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். கடைக்காரர் எனக்கு 600 திருப்பித் தந்தார். மீதி 300 இன்னும் வரவில்லை.