சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் செய்தால் கடையில் வாங்குவதைவிடச் செலவு குறையுமா?

குறையாது. முதன்முதலாகச் செய்பவருக்கு நிச்சயம் குறையாது. கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்கும் மலிவுக் கிட்டாரின் விலைக்குள் நல்ல பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்கும் பாகம்), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குவது), ட்யூனர் (சுருதி கூட்டும் முறுக்காணி) மூன்றையும் சில்லறையில் வாங்குவதே கஷ்டம். நடுத்தர விலைக் கிட்டாரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழச் சரிக்குச் சரி, அதுவும் கருவிகளின் விலையைச் சேர்க்காமல். உயர்விலைக் கிட்டாரோடு ஒப்பிடும்போதுதான் பொருட்செலவு தெளிவாகக் கீழே இறங்கும். ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு தேர்ந்த கைவேலைக்கும் பெயருக்கும் கொடுப்பது. அதே கைவேலை உங்களுக்கு முதல் கிட்டாரிலேயே கைவருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை மரத்தை லோடு லோடாக வாங்குகிறது, ட்யூனரையும் பிக்கப்பையும் ஆயிரக்கணக்கில் வாங்குகிறது, பாடியை (கிட்டாரின் உடல்பலகையை) கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் குடைகிறது. 1950-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த வடிவமே இதற்காக யோசித்ததுதான்: தட்டையான பலகை பாடி, நான்கு திருகில் மாட்டும் நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்து). வீட்டில் செய்பவருக்கும் அந்த வடிவம்தான் சுலபம். முதல் கிட்டாருக்கு அதை விட்டு வேறெதற்கும் போகாதீர்கள். நெக்கை ஒட்டும் வகைக்கு, அதிலும் மேற்பரப்பு வளைந்த பாடிக்கு, ஆசைப்பட்டால் வேலை இரண்டு மடங்காகும்.

பணம் மரத்தில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். 510 × 350 மி.மீ. அளவில் 45 மி.மீ. கனமுள்ள, இரண்டு துண்டை ஒட்டிய பலகைதான் பாடி. உள்ளூரில் கிடைக்கும், நன்றாகக் காய்ந்த, முடிச்சில்லாத எந்த நடுத்தர எடை மரமும் போதும். (தேக்கில் செய்வதென்றால் ஒட்டுவதற்குச் சற்று முன் மேற்பரப்பை அசிட்டோனில் துடையுங்கள். அதன் எண்ணெய்ப்பசை ஒட்டைக் கெடுக்கும். ரவுட்டர் (மரத்தைக் குடையும் சுழல்கருவி) பிட்டையும் தேக்கு சீக்கிரம் மழுங்கடிக்கும்.) பர்ஸைக் காலி செய்வது உதிரிகள்: ஆறு ட்யூனர், பிரிட்ஜ், இரண்டோ மூன்றோ பிக்கப், பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுமின்தடை), செலக்டர் சுவிட்ச், ஜாக், கெபாசிட்டர், நட் (நெக்கின் தலைமாட்டில் கம்பி உட்காரும் துண்டு), ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி), சுமார் ஒன்றரை மீட்டர் ஃப்ரெட் கம்பி (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகளுக்கு), நெக் பிளேட், ஸ்ட்ராப் பட்டன், நாப், இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டிங்குக்குச் செப்பு டேப். எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. நான்கு இடத்தில் வாங்கினால் நான்கு அனுப்பும் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதற்கு மேல் ஒட்டுப்பசை, உப்புத்தாள், வார்னிஷ், தூசி முகமூடி, சோதனைக்கு ஒரு செட் கம்பி.

அடுத்தது கருவிகள். ரவுட்டர், பேரிங் வைத்த பிட், ட்ரில், கிளாம்ப் ஆகியவை எந்த மரவேலைக்கும் ஆகும்; இரவல் வாங்கலாம், பட்டறையில் கொடுத்தும் செய்துகொள்ளலாம். கிட்டாருக்கு மட்டுமே பயன்படுகிறவைதான் கையைச் சுடும்: 0.6 மி.மீ. வெட்டும் ஃப்ரெட் ரம்பம், ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையின்) வளைவுக்கான ரேடியஸ் பிளாக், ஃப்ரெட்டை மட்டம் பார்க்கும் பட்டை, அதன் தலையை உருட்டும் அரம், நட்டில் காடி போடும் அரங்கள். 10–46 கம்பி செட்டுக்கே (எண்கள் கம்பிகளின் தடிமனைக் குறிப்பவை) ஆறு வெவ்வேறு அகலத்தில் காடி வேண்டும். இவற்றில் பாதியை ஒரு கிட்டாருக்குப் பிறகு தொடவே மாட்டீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: பாடியை நீங்கள் செய்யுங்கள், நெக்கை வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன தனிக்கருவிகளில் அநேகமாக எல்லாமே நெக்குக்கானவை. துல்லியமும் அங்கேதான் தேவை. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டின் தூரம் 648-ஐ 17.817-ஆல் வகுத்தால் வரும் 36.37 மி.மீ. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 324-இல் விழ வேண்டும். கணக்கை இப்படிப் போட்டாலும், குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும். அரை மி.மீ. தவறு முதல் ஃப்ரெட்டில் காதுக்கு எட்டாது. இருபதாவதில் அதே அரை மி.மீ. நான்கு சென்ட் சுருதி பிசகாகும் (அரைச்சுரம் என்பது நூறு சென்ட்), ஏனென்றால் அங்கே மிச்சமிருக்கும் கம்பி நீளமே 204 மி.மீ.தான்.

ஃப்ரெட் இறங்கும் காடியின் அகலமும் இதே கதைதான். அகலம் கூடினால் ஃப்ரெட் பிடிக்காமல் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பு அடித்ததுபோல் மரத்தைத் தள்ளி, 22 ஃப்ரெட்டும் இறங்கும்போது நெக் பின்பக்கமாக வளைந்துவிடும். ஒருபக்கம் மட்டுமே வேலை செய்யும் ட்ரஸ் ராட் போட்டிருந்தால் அதை நிமிர்த்த வழியில்லை. செய்தே தீருவேன் என்றால் இருபக்கமும் வளைக்கும் ராட் வாங்குங்கள். அதற்கான பள்ளத்தை இறுக்கமாக, பெரும்பாலான ராடுகளுக்கு 6 மி.மீ. அகலத்தில், குடையுங்கள். தளர்ந்தால் வாசிக்கும்போது உள்ளே கடகடக்கும்.

பாடியில் கெட்டுப்போக வாய்ப்புள்ள இடங்கள் மூன்று. முதலாவது நெக் பாக்கெட், அதாவது பாடியில் நெக் உட்காரும் குழி. ஃபெண்டர் வகைக்கு அது சுமார் 56 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழம். நெக்கின் அடிப்பகுதி 25.4 மி.மீ. கனம் என்பதால் ஃபிங்கர்போர்டு பாடிக்கு மேலே சுமார் 9.5 மி.மீ. நிற்கும். தட்டையான பிரிட்ஜுக்கு இது கச்சிதம். உயரமான ட்யூன்-ஓ-மேட்டிக் வகைப் பிரிட்ஜை இதே பாடியில் போட்டால், முழுக்க இறக்கிய பிறகும் கம்பி எட்டாத உயரத்தில் நிற்கும். நெக்கைச் சில டிகிரி சாய்த்தாக வேண்டும். பாக்கெட் பக்கவாட்டில் தளர்ந்தால் நெக் நகர்ந்து, ஓரக் கம்பி ஃபிங்கர்போர்டை விட்டு வழுக்கி விழும்.

இரண்டாவது பிரிட்ஜின் இடம். காகித வரைபடத்தை நம்பித் துளை போடாதீர்கள். நெக்கை மாட்டி, நட்டின் விளிம்பிலிருந்து 648 அளந்து குறியுங்கள். மெல்லிய E கம்பியின் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டை) முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் நகர இடம் விட்டு, அந்தக் கோட்டில் நிறுத்துங்கள். தடித்த E-யின் சாடில் அதைவிட 3 முதல் 5 மி.மீ. பின்னால் போகும், அதற்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு ஓரக் கம்பிகளின் பாதையிலும் நூல் கட்டிப் பார்த்து, நூல் ஃபிங்கர்போர்டின் இரு விளிம்புக்கும் ஒரே தூரத்தில் ஓடினால் மட்டும் ட்ரில்லை எடுங்கள். தவறினால் துளையில் மரக்குச்சி ஒட்டி மறுபடி போட வேண்டும். அந்தத் தழும்பை வார்னிஷ் மறைக்காது.

மூன்றாவது, ரவுட்டரில் மரம் பிய்வது. கொம்பு வளைவுகளில், இழையின் போக்குக்கு எதிராகப் பிட் திரும்பும் இடத்தில், பெரிய சில்லாகப் பெயரும். அச்சுக்கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. மட்டும் விட்டு முன்னதாகவே ரம்பத்தில் அறுத்துவிடுங்கள். ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் தடவைக்கு 3–5 மி.மீ. எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வயரிங் இவற்றோடு பார்க்கச் சுலபம். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500. மாற்றிப் போட்டால் முன்னது கீச்சிடும், பின்னது மந்தமாகும். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போனால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. பாட்டின் முதுகில் சூடு போதாத சாலிடரிங் அயர்னை நெடுநேரம் அழுத்தினால் பாட் உள்ளேயே வெந்துவிடும்.

ஃபினிஷிங்கில் நைட்ரோ செல்லுலோஸ் பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்ப்ரே வசதியும், காய வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். துணியில் தேய்க்கும் எண்ணெய் ஃபினிஷ் மலிவு, கீறினாலும் சரிசெய்யலாம். எதை அடித்தாலும் நெக் பாக்கெட்டை டேப்பால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் பூச்சின் கனத்திலேயே நெக் உள்ளே போகாமல் நிற்கும்.

கிட் (தயாராக வெட்டிய பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வாங்கிக் கோர்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். காகிதத்தில் அது மலிவுதான். மலிவு கிட்டுகளில் அடிக்கடி வரும் குறைகள் மட்டமில்லாத ஃப்ரெட், தளர்ந்த பாக்கெட், பாடியில் ஒட்டுப்பசைக் கறை. கறை பட்ட இடத்தில் ஸ்டெயின் ஏறாது, வெளுத்த திட்டாகத் தெரியும். பிறகு பிக்கப்பை மாற்றுவீர்கள், ட்யூனரை மாற்றுவீர்கள், சில மாதத்தில் பிரிட்ஜையும். ஒரே பாகத்துக்கு இரண்டு முறை பணம் கட்டியதாகும். பயிற்சிக்கென்றால் வாங்குங்கள், சிக்கனத்துக்கென்றால் வேண்டாம்.

‘பிரையன் மே வீட்டிலேயே செய்தாரே’ என்று எப்போதும் யாராவது சொல்வார்கள். உண்மைதான், குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரான அவர் 1963-இல் தந்தையோடு சேர்ந்து தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் நெக், பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் செதுக்கியது. ஆனால் தந்தை எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர், வேலை இழுத்தது சுமார் இரண்டு வருடம். பிக்கப்பையும் கையால்தான் முதலில் சுற்றினார். கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் ட்ரை-சானிக் பிக்கப்புகளை வாங்கித்தான் பொருத்தினார். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் ஃப்ராங்கன்ஸ்டைன் கிட்டார் நம் கேள்விக்கு இன்னும் பொருத்தம்: வேறொருவர் செய்த பாடியையும் நெக்கையும் வாங்கிக் கோர்த்தது, அந்த பாடியும் குறையுள்ளதென்று ஒதுக்கப்பட்ட ஒன்று.

செலவுதான் முக்கியம் என்றால், நெக் நேராகவும் ஃப்ரெட் தேயாமலும் இருக்கும் பழைய கிட்டாரை வாங்கி, ஃப்ரெட் லெவலிங்கும் (ஃப்ரெட்டை மட்டப்படுத்துவது) செட்டப்பும் (கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்வது) செய்துகொள்வதை எதுவும் வெல்லாது. விற்கும்போதும் அதற்கு ஒரு விலை உண்டு. ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதியில்) நிறுவனத்தின் பெயரில்லாத கிட்டாரை முழுதாக விற்பதைவிடக் கழற்றி உதிரியாக விற்றால்தான் கூடுதலாகக் கிடைக்கும். சொந்தமாகச் செய்வது பணத்திலும் லாபமாவது கடையில் இல்லாததைக் கேட்கும்போது: இடக்கையருக்கான அபூர்வ வடிவம், எட்டுக் கம்பி, சாய்வான ஃப்ரெட், உள்ளே குடைந்து எடை குறைத்த பாடி. ஆர்டர் கொடுத்துச் செய்வித்தால் அங்கே கூலிதான் அதிகம், அந்தக் கூலி உங்களுடையதாகிவிடும். இரண்டாவது, மூன்றாவது கிட்டார் செய்யும் எண்ணமிருந்தாலும் கருவிச் செலவு பங்கு பிரியும்.

தொடங்குவதென்றால் நெக், பிரிட்ஜ், பிக்கப் மூன்றையும் முதலில் வாங்கி மேசையில் வையுங்கள். நெக்கின் அடி அகலத்தை வெர்னியரில் அளந்து, ஒரு உதவாத பலகையில் பாக்கெட்டைக் குடைந்து பாருங்கள். நெக்கை அதில் அழுத்திவிட்டு, நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பலகையும் சேர்ந்து வர வேண்டும். வந்த பிறகு நல்ல மரத்தைத் தொடுங்கள்.