மகளைப் பற்றி ஒரே ஒரு வரி

அன்புள்ள அக்கா,

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறேன். ஆறாவது படிக்கும் என் மகன் விடிகாலை ஐந்தரைக்கு என்னோடு கிளம்பி, சயான் வரை வந்து காசு வாங்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவான். இது குழந்தைத் தொழில், கேஸ் ஆகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். நானும் இப்படித்தான் வளர்ந்தேன், கெட்டா போனேன்? எட்டாவது படிக்கும் மகள் ராத்திரி மாவாட்டி, பாத்திரம் கழுவி அம்மாவுக்கு ஒத்தாசையாக வீட்டோடு இருக்கிறாள். மகனைக் கூட்டிப் போகலாமா, கூடாதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சில நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தையே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் சட்டம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயது ஆகாத பிள்ளை, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம். ஆனால் 2017இல் வந்த விதிகளின்படி இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை எந்த வேலையும் கூடாது. உங்கள் தொழில் நடப்பதே அந்த நேரத்தில்தான். பையனை எழுப்பாதீர்கள், தூங்கட்டும். நீங்கள் கெட்டுப்போனீர்களா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை.

எனக்குக் கோபம் மகளைப் பற்றிய வரியில்தான். மகனுக்காக அக்கா வரை கேட்டு எழுதிய உங்களுக்கு, அந்தப் பெண்ணுக்காக ஒரு கேள்வி தோன்றவில்லையே!

நான் மாட்டுங்கா லேபர் கேம்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் இட்லிதான். அண்ணன் அப்பாவோடு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போவான். ஹிந்தியும் மராத்தியும் தெருவிலேயே படித்தான், மீதிச் சில்லறையை மனக்கணக்கில் சொல்வான். ‘இந்த வயசிலேயே என்ன பொறுப்பு’ என்று ஊரே மெச்சியது. நான் குழாயடியில் இட்லித் தட்டுகளோடு உட்கார்ந்திருப்பேன். காய்ந்த மாவு தட்டின் ஓட்டைகளில் சிமெண்டு மாதிரி அடைத்திருக்கும். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். நகக்கண் புளித்துப்போய் எரியும், அந்தக் கையோடுதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. ஒரு நாள் வியாபாரத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதும் எனக்குக் கடைசிவரை தெரியாது. அண்ணனுக்குத் தொழில் கைவந்தது, எனக்குக் கை மட்டும்தான் தேய்ந்தது.

தம்பி, விற்பதற்கு ஆட்டுகிற மாவு வீட்டு வேலை இல்லை, தொழில். அதே 7 மணிக் கணக்கு அவளுக்கும் உண்டு. ‘அம்மாவுக்கு ஒத்தாசை’ என்று எழுதிவிட்டால் அது ஒத்தாசை ஆகிவிடுமா? அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

ராத்திரி கிரைண்டருக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். தட்டு கழுவ ஓர் ஆளைப் போடுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் நீங்களே கழுவுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குள் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, கேஸ் சிலிண்டருக்கு எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று நோட்டை விரித்துக் காட்டுங்கள். அவளுக்கு முதலில் காட்டுங்கள்.

அடுத்த கடிதத்தில் அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா