வற்றுக் கடலில் மட்டி பொறுக்கும் முன்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விடுமுறையில் பிள்ளைகளைப் பூநகரிப் பக்கத்துப் பரவைக்கடலுக்கு (ஆழங்குறைந்த கடல்நீரேரிக்கு) அழைத்துச் சென்று, நீர் வற்றிய நேரத்தில் கரையோர உயிர்களைக் காட்டவும் ஒரு கறிக்கு மட்டி பொறுக்கவும் எண்ணியிருக்கிறார். எப்போது போகலாம், எவ்வளவு எடுத்தால் கடலுக்குக் கேடில்லை, எடுத்ததை அச்சமின்றி உண்ணலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அமாவாசையையும் பறுவத்தையும் அடுத்து வரும் ஓரிரு நாட்களில் வற்று மிகுதியாக இருக்கும். நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை கடல் வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், பரவைக்கடலில் காற்றே பல வேளைகளில் கணக்கை மாற்றிவிடும். சோளகம் பலத்து வீசும் நாட்களில் எதிர்பார்த்த திடல் வெளிப்படாமலே போகலாம். கடல்நீரேரியின் உட்பகுதியில் வற்று வெளிக்கடலைவிடப் பிந்தியே வரும். ஆகவே கொழும்புக்கான நேர அட்டவணையை மட்டும் நம்பாமல், அவ்விடத்துக் கடற்றொழிலாளரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்து, அது திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்து நிலைமை வேறு: நந்திக்கடல், நாயாறு போன்றவற்றின் முகத்துவாரம் மணல்மேட்டால் அடைபட்டிருக்கும் மாதங்களில் உள்நீர் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை சேற்றின் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் அருகருகே இரண்டு சிறு துளைகள் தெரியும். ஒன்றால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து உண்டு, மற்றதால் வெளிவிடும் மட்டி அதன் அடியில் இருக்கிறது. காலடி அதிரும்போது சின்னஞ்சிறு நீர்ப்பீச்சலோடு துளை மூடிக்கொள்ளும். வெற்று ஓடுகளையும் கையில் எடுத்துப் பாருங்கள்: பூட்டுவாய்க்கு அருகே, ஊசியால் குடைந்ததுபோல் வட்டமாக, விளிம்பு சரிந்த ஓட்டை இருந்தால், நிலாநத்தை துளையிட்டு உள்ளிருந்ததைத் தின்றிருக்கிறது என்று பொருள். அந்த நத்தை மணலையும் தன் பசையையும் குழைத்துச் செய்யும் முட்டை வளையம் உடைந்த சட்டிவிளிம்பு போலக் கிடக்கும். பிள்ளைகள் அதைக் குப்பையென்று மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டினால், அடியில் ஒட்டி வாழ்பவை வெயிலில் காய்ந்து சாகாதபடி, இருந்தவாறே திருப்பி வைக்க வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதே உங்கள் கேள்விகளில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். மட்டிகள் இனம்பெருக்கும்போது முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன; அவை கலைந்து போகுமுன் ஒன்றையொன்று சேர வேண்டுமானால், மட்டிகள் நெருக்கமாக வாழ வேண்டும். எனவே ஒரு செறிந்த திடலை முழுதாக வழித்தெடுத்துவிட்டு, மற்ற இடங்களில் அங்குமிங்குமாக நிறைய இருக்கின்றன என்று ஆறுதல் கொள்வது தவறு. சிதறிக் கிடப்பவற்றின் முட்டைகளில் பெரும்பகுதி கருவுறாமலே வீணாகலாம். நடந்துகொண்டே ஐதாகப் பொறுக்குங்கள். ஓர் இடத்தில் பத்து கண்டால் ஒன்றிரண்டோடு நகருங்கள். மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை எடுத்த இடத்திலேயே திரும்பப் புதைத்துவிடுங்கள். கையால் மட்டுமே எடுங்கள். மண்வெட்டியும் வாரியும் சாதாழை என்னும் கடற்புல் படுக்கையின் வேர்த்தண்டுகளை அறுத்துவிடும். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்தப் படுக்கையில்தான். உரப்பை கொண்டுபோகாதீர்கள், ஓர் ஓலைப்பறி போதும். வீட்டுக்கு ஒரு கறி என்பது நியாயமான அளவு. விற்பதற்காகப் பொறுக்குவது அதையே நம்பி வாழும் குடும்பங்களின் பங்கில் கைவைப்பதாகும்.

கடலட்டை பிடிப்பதற்கும் சங்கு குளிப்பதற்கும் உரிமம் தேவை. கண்டால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பூநகரிக் கரையில் வேலியடைத்த கடலட்டைப் பண்ணைகள் உண்டு. உள்ளே இறங்கக் கூடாது. 2015 இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் போன்ற காப்பிடங்களில் எதையும் பொறுக்கலாகாது.

உண்பதைப் பொறுத்தவரை கண்டிப்பாக இருங்கள். நீரை வடித்து உண்ணும் உயிர், அந்த நீரிலுள்ள கழிவையும் கிருமியையும் தன்னுள் சேர்த்து வைக்கும். மாரி மழை வெள்ளம் இறங்கும் நாட்களிலும், கழிவுநீர் வாய்க்கால், இறங்குதுறை ஆகியவற்றின் அருகிலும் பொறுக்க வேண்டாம். கடலின் நிறம் மாறியிருந்தாலோ மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தாலோ வெறுங்கையோடு திரும்புங்கள். சில நுண்பாசிகளின் நஞ்சு எவ்வளவு அவித்தாலும் அழியாது, நிறம் மாறாத நீரிலும் அது இருக்கக்கூடும். உண்ட பின் உதடும் நாக்கும் விறைத்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீட்டில் தூய கடல்நீரில் சில மணிநேரம் வைத்தால் மணல் கக்கும். தட்டியும் வாய்மூடாதது செத்தது; அதை எறிந்துவிட்டு மற்றவற்றை நன்றாக அவியுங்கள்.

காலுக்குப் பிடிப்பான பழைய சப்பாத்து அணியுங்கள். செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும். மணலுக்குள் பதுங்கும் திருக்கையை மிதிக்காமலிருக்க, காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கப் பழக்குங்கள். முள் குத்திவிட்டால், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத, தாங்கக்கூடிய வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வலியைத் தணித்து, பின்னர் மருத்துவரிடம் காட்டுங்கள். அழகிய கோலமிட்ட கூம்புவடிவ நத்தையைக் கையால் தொடவே கூடாது. அதன் சில இனங்களின் கொடுக்கு உயிரைப் பறிக்க வல்லது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. வன்னிக் கரைகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் எக்காரணத்தாலும் இறங்காதீர்கள். துருப்பிடித்த இரும்புப் பொருள் எதையும் பிள்ளைகள் எடுக்க விடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசாரிடமோ கிராம அலுவலரிடமோ தெரிவியுங்கள்.